15 வேலம்பாளையத்தில் போர்டு இல்லாத ஒரு ஒடியா மெஸ்

திருப்பூரில் 15 வேலம்பாளையம் (15 என்பது ஊர்ப் பெயரிலேயே சேர்ந்தது) பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிறது இந்த மெஸ். போர்டு கிடையாது, வாசலில் குவிந்து கிடக்கும் செருப்புதான் அடையாளம். மூன்று டேபிள், ஒரு பெஞ்ச், சுவரில் பூரி ஜெகந்நாதர் படம். மதியச் சாப்பாடு 70 ரூபாய், முட்டையோடு 80, மீனோடு 110. சோறு கேட்கக் கேட்கப் போடுவார்கள்.

இந்த அறை எனக்குப் பழக்கமானது. 1996-ல் உசிலம்பட்டியிலிருந்து பனியன் கம்பெனிக்குக் கைமடி வேலைக்கு, அதாவது டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் வேலைக்கு வந்தபோது, ஒரு திருநெல்வேலி அண்ணாச்சி இதே இடத்தில் மெஸ் வைத்திருந்தார். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் முதல் வேலை அவர் நோட்டில் இருக்கும் கடனை அடைப்பதுதான். எங்களை அப்போது 'தெக்கத்திப் பசங்க' என்பார்கள், வீடு கேட்டுப் போனால் யோசிப்பார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவு வந்து சாயப்பட்டறைகளை மூடினார்கள். அண்ணாச்சியிடம் சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் சாயப்பட்டறை ஆட்கள். அவர்கள் ஊருக்குப் போனார்கள், கொஞ்ச நாளில் அவரும் போனார். அப்புறம் செல்போன் ரீசார்ஜும் ஊருக்குப் பணம் அனுப்புவதுமாக ஒரு கடை நடந்தது. அதன் இந்தி ஸ்டிக்கர் பாதி கிழிந்தபடி இன்னும் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது இருப்பவர்கள் ஒடிசாவில் பாலேஸ்வர் பக்கத்துப் புருஷன் பெண்டாட்டி. சமையல் அந்த அம்மா, பரிமாறுவது அவர். பையன்கள் அந்த அம்மாவை 'பாவுஜா' என்று கூப்பிடுகிறார்கள். எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால் மதினி.

கம்பெனியில் என் லைனில் பவர் டேபிள் (தையல் மெஷின்) ஓட்டும் ஒடியாப் பையன்தான் முதலில் கூட்டிப்போனான். சித்திரை வெயில். பாவுஜா ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தார். பார்த்தால் பழைய சோறு! முதல் நாள் வடித்துத் தண்ணீர் ஊற்றிய சோற்றில் தயிர், நசுக்கிய இஞ்சி, கறிவேப்பிலை, பச்சை மிளகாய். 'பகாளா' என்கிறார்கள். எங்கள் அம்மா மோர் ஊற்றிப் பிசைவார், அவ்வளவுதான் வித்தியாசம். தொட்டுக்கொள்ள வறுத்த கருவாடு, அப்புறம் மசித்த உருளைக்கிழங்கு. அதில்தான் மாட்டினேன். கிழங்கின் மேல் பச்சைக் கடுகெண்ணெயை ஊற்றிவிடுகிறார்கள், மூக்கில் சுரீரென்று ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாலு பேர் சிரித்தார்கள். மூன்றாவது தடவை அந்தக் காரத்துக்காகவே கேட்டு வாங்கினேன்.

தினமும் கிடைப்பது தால்மா. பருப்போடு பப்பாளிக்காய், வாழைக்காய், பூசணி, கத்தரி எல்லாம் வேகவைத்து, சீரகமும் காய்ந்த மிளகாயும் தாளித்துப் போடுவது. சாம்பாரும் கூட்டும் கல்யாணம் செய்துகொண்ட மாதிரி, புளி மட்டும் கிடையாது. நம்மவர்களுக்கென்று தனியாக ஒரு சாம்பாரும் வைக்கிறார்கள். அதைத் தொடாதீர்கள். ரோகு மீன் குழம்பு ருசி, ஆனால் முள் அதிகம், அவசரத்தில் சாப்பிடக்கூடாது. அரை மணி நேர லஞ்ச் பிரேக்கில் நான் முட்டையோடு நிறுத்திக்கொள்வேன்.

திருப்பூர் 2001 கணக்கெடுப்பில் மூன்றரை லட்சம் பேர் இருந்த ஊர். அக்கம்பக்கத்தை மாநகராட்சியில் சேர்த்த பிறகு 2011 கணக்கில் எட்டே முக்கால் லட்சம். இதில் இந்தப் பெஞ்சில் உட்காருகிறவர்கள் எத்தனை பேர்? யாரும் பெயர் எழுதியதாகத் தெரியவில்லை. ரேஷன் கார்டு ஊரில், ஓட்டும் ஊரில். பத்துக்குப் பத்து லைன் வீட்டில் ஐந்து பேர் படுக்கிறார்கள், வீட்டுக்காரர் வாடகையைத் தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறார். அந்தத் தலைக்கணக்கு மட்டும் ஒருநாளும் தப்பாது. பாவுஜாவிடம் இன்னொரு கணக்கு இருக்கிறது, அரிசிக் கணக்கு. சாதாரண நாளில் 25 கிலோ மூட்டை ஒன்று காலியாகும், ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை. 2023 மார்ச்சில், வடமாநிலத்தவரை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவி, ஹோலியும் சேர்ந்து வந்த வாரத்தில் ஒரு மூட்டை மூன்று நாள் ஓடியதாம். என் லைனில் பன்னிரண்டு மெஷினில் ஏழு சும்மா கிடந்தன. ஜார்க்கண்ட் போகும் தன்பாத் ரயிலைப் பிடிக்க ஸ்டேஷனில் பையோடு நின்றவர்களில் எங்கள் அயர்ன் மாஸ்டரும் ஒருவர். ஏப்ரலில் திரும்பி வந்து முதல் நாளே இங்கே தால்மா சாப்பிட்டார்.

குறையும் சொல்ல வேண்டும். கை கழுவும் இடத்தில் தண்ணீர் எப்போதும் தேங்கியே நிற்கும். சனிக்கிழமை ராத்திரி குடித்துவிட்டு வருகிறவர்கள் சத்தம் தாங்காது, குடும்பத்தோடு போகாதீர்கள். ஞாயிறு மதியம் நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டியிருக்கும்.

விலைப்பட்டியல் சிலேட்டில் தமிழில் இருக்கும். எழுதுவது அவர்கள் மகள், மாநகராட்சிப் பள்ளியில் மூன்றாவது படிக்கிறாள். 'மீண் குழம்பு' என்று எழுதியிருந்தாள். திருத்தச் சொன்னேன். "எங்க டீச்சரே ஒண்ணும் சொல்லலீங்கண்ணா" என்றாள், அசல் கொங்கு இழுப்பில். இப்போதும் மீண்தான்.

பகாளா கோடையில் மட்டும்தான். பன்னிரண்டரைக்குள் போய்விடுங்கள், ஷிப்ட்டுக்காரர்கள் வந்துவிட்டால் கருவாடு மிஞ்சாது.