தனி வீடு, ஸ்டில்ட் பிளஸ் அஞ்சு, டவர்: தீப்பிடிச்சா சென்னைல எது தேவலாம்?

வீடு பாக்கறப்ப தீ விஷயத்துல முதல்ல மனசுல வச்சுக்க வேண்டிய நம்பர் 18.30 மீட்டர். தமிழ்நாட்டோட 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகள்படி அதுக்கு மேல போனாத்தான் ஹைரைஸ், அப்பதான் தீயணைப்புத் துறை என்ஓசி (தடையில்லா சான்று), மாடிக்கு மாடி தீயணைப்புத் தண்ணி ஏத்தற ரைசர் பைப், சூடேறினா சீலிங்லேர்ந்து தானா தண்ணி தெளிக்கற ஸ்பிரிங்க்ளர்னு கெடுபிடி எல்லாம் ஆரம்பிக்கும். ஆனா 2016 தேசிய கட்டட நெறிமுறைய எடுத்துப் பாத்தா 15 மீட்டர்லயே ஹைரைஸ்னு போட்டிருக்கான். இந்த ரெண்டு நம்பருக்கும் நடுவுல வந்து உக்காந்துருக்கறது யாருன்னா இப்ப தெருவுக்குத் தெரு எழும்பற ஸ்டில்ட் பிளஸ் அஞ்சு பில்டிங்தான், அதாவது கீழ தூண் மட்டும் நிக்கற பார்க்கிங், அதுக்கு மேல அஞ்சு மாடி.

முதல்ல தனி வீடு. இங்க விதி கிட்டத்தட்ட பேப்பர்ல மட்டும்தான். 2024 ஜூலைல சுயசான்று திட்டம் வந்தப்புறம் 2500 சதுர அடி மனைல 3500 சதுர அடி வரைக்கும் கட்டறதுக்கு ஆன்லைன்லயே உடனே அனுமதி கிடைச்சுருது, நல்ல விஷயம்தான், ஆனா தீக்குன்னு உங்க வீட்டை வந்து யாரும் பாக்கப்போறதில்ல. பிளஸ் என்னன்னா முன்வாசல் பின்வாசல் ரெண்டும் இருக்கும், நாலு எட்டு வச்சா தெரு. மைனஸ் நம்ம ஜன்னல் கம்பி. திருடனுக்குப் பயந்து பால்கனி வரைக்கும் கிரில் அடிச்சு, பின்வாசல்ல பழைய பீரோவ சாத்தி வச்சுட்டு, உள்ள தூங்கறோம். மாடி பெட்ரூம்ல ஒரு கிரில்லயாவது கீல் வச்சு உள்ளேர்ந்து தொறக்கற மாதிரி பண்ணிக்கோங்க, வெல்டர் அரை நாள்ல முடிச்சுருவாரு. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் சந்துன்னா இன்னும் முக்கியம், தீயணைப்பு வண்டி தெருமுனைலயே நின்னுரும்.

அடுத்து ஸ்டில்ட் பிளஸ் அஞ்சு. எனக்கு மூணுலயும் பயமா இருக்கறது இதுதான். பெரும்பாலும் ஒரே ஒரு மாடிப்படி, அந்தப் படிக்குக் கீழயே எல்லா வீட்டு ஈபி மீட்டரும், பக்கத்துல பைக் வரிசை, இப்ப கூடவே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு சார்ஜ் ஏறிட்டிருக்கற இ-ஸ்கூட்டர், அதுக்கும் பக்கத்துல யாரோ காலி பண்ணப்ப விட்டுட்டுப் போன சோஃபா! கீழ பிடிச்சா படிக்கட்டு புகைபோக்கி மாதிரி ஆயிரும், அஞ்சாவது மாடிக்காரர் கீழயும் வரமுடியாது, மேல ஓடினா மொட்டை மாடி கதவுல பூட்டு, சாவி செக்ரட்டரி வீட்டுல. 2022 மார்ச்ல வேலூர்ல ராத்திரி சார்ஜ்ல போட்ட இ-பைக் எரிஞ்சு அந்தப் புகைல அப்பாவும் பொண்ணும் செத்தாங்க, ஞாபகம் இருக்கும். எரியற லித்தியம் பேட்டரி மேல சாதாரண தீயணைப்பு சிலிண்டர்ல இருக்கற ஏபிசி பவுடர் அடிச்சாலும் மறுபடி பத்திக்கும், அதனால படிக்கட்டை விட்டுத் தள்ளி வெளிக்காத்து படற இடத்துல தனி லைன், லோடு கூடினா கட் ஆகற எம்சிபி, கரன்ட் கசிஞ்சா கட் ஆகற ஆர்சிசிபி போட்டு சார்ஜிங் வைக்கறதுதான் சரி. இதெல்லாம் சொன்னா எட்டு வீட்டு அசோசியேஷன்ல "பாத்துக்கலாம் சார்"னு முடிச்சுருவாங்க.

கடைசியா டவர், அதாவது 18.30 மீட்டரைத் தாண்டின அபார்ட்மென்ட். அங்க சாமான் எல்லாம் இருக்கு. ரெண்டு படிக்கட்டு, ஃபயர் டோர், மாடிக்கு மாடி ஹோஸ் ரீல், பம்ப் ரூம். பிரச்சனை அதை நாம படுத்தற பாடு. ஃபயர் டோர் தானா மூடிக்கணும், காத்து வரலைன்னு பூந்தொட்டி முட்டுக் குடுத்து தொறந்து வச்சிருப்பாங்க. ஸ்பிரிங்க்ளர்ல அந்த சின்ன சிவப்பு பல்ப் 68 டிகிரில வெடிச்சு தண்ணி விடணும், இன்டீரியர்காரர் அழகுக்காக ஃபால்ஸ் சீலிங்ல அதை மூடிட்டாலோ பெயின்ட் அடிச்சுட்டாலோ அது சும்மா தொங்கற இரும்புதான்.

கேஸ் மூணுக்கும் பொது, ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. சிலிண்டர் எல்பிஜி காத்தை விட கனம், தரையில தேங்கும், அதனால லீக் டிடெக்டர் கீழ மாட்டணும். பைப்ல வர்ற இயற்கை எரிவாயு லேசு, மேல போகும், அதுக்கு சீலிங் பக்கத்துல. டவர்ல பைப் வருதேன்னு அது இயற்கை எரிவாயுன்னு நினைச்சுராதீங்க, பல இடத்துல கீழ சிலிண்டர் பேங்க் வச்சு எல்பிஜியத்தான் பைப்ல விடறாங்க, கேட்டுட்டு மாட்டுங்க. சிலிண்டர்னா ரப்பர் ஹோஸ் 5 வருஷத்துக்கு ஒருதடவை மாத்தணும், எல்பிஜி லீக்குன்னா 1906.

என் கணக்குல ஒழுங்கா பராமரிக்கற டவர் முதல், அடுத்து கிரில் தொறக்கற தனி வீடு, கடைசி அந்த அஞ்சு மாடி. பராமரிக்காத டவர்னா அது கடைசியையும் தாண்டிப் போயிரும், ஏன்னா அங்க 14வது மாடிலேர்ந்து எறங்கணும். ரீசேல்ல டவர் பாக்கப் போறீங்கன்னா கிளப் ஹவுஸ், ஸ்விம்மிங் பூல் எல்லாம் அப்புறம், நேரா பம்ப் ரூமுக்குப் போய் பேனல் சுவிட்ச் ஆட்டோல இருக்கா மேனுவல்லயான்னு பாருங்க, ஆட்டோல இருந்தாத்தான் பம்ப் தானா ஓடும், ஏஎம்சி (வருஷாந்திர பராமரிப்பு ஒப்பந்தம்) பில் கடைசியா எப்பன்னு கேளுங்க. சாவியத் தேடிட்டு வர்றேன்னு வாட்ச்மேன் கிளம்பினார்னா வேற வீடு பாக்கலாம்.