குழாயா, மேக்ரோபேஜா, சுண்டெலியா? காசநோய் மருந்தை எதில் சோதிப்பது

காசநோய்க்கான வழக்கமான ஆறு மாத சிகிச்சையில் பைரசினமைடு முக்கியமான மருந்து. அதையே ஆய்வகத்தின் சாதாரண வளர்ப்பு ஊடகத்தில் போட்டால் கிருமிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. சூழல் அமிலமாக இருந்தால்தான் அது வேலை செய்யும். 1950களின் தொடக்கத்தில் நேரடியாகச் சுண்டெலிகளில் சோதித்துப் பார்த்ததால்தான் அது நமக்குக் கிடைத்தது. சோதனைக் குழாயில் ஆயிரக்கணக்கான சேர்மங்களை மலிவாகச் சலிக்கலாம், சரி. ஆனால் ஒரு மருந்தை ஒதுக்கித்தள்ளும் அதிகாரத்தை அதற்கு மட்டும் தரக் கூடாது.

அடுத்தது மேக்ரோபேஜ், அதாவது கிருமிகளை விழுங்கி அழிக்கும் நோய் எதிர்ப்புச் செல். தன்னை விழுங்கும் இந்தச் செல்லுக்குள்ளேயே கிருமி தங்கிவிடும். மருந்து உள்ளே போய்ச் சேருகிறதா என்பது இங்கேதான் தெரியும். செல்களுக்குக் கிருமியை ஏற்றி, வெளியே மிஞ்சியதைக் கழுவி, மருந்தை விட்டு, சில நாள் கழித்துச் செல்களை உடைத்து, கிருமி வளரும் அகார் கூழ்த் தட்டில் பரப்புவார்கள். கிருமி பிளவுபட ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும் என்பதால், எண்ணுவதற்கு மூன்று, நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு. செல்லோடு மருந்தும் தட்டுக்கு வந்துவிட்டால், அங்கே அடங்கிய கிருமியும் செல்லுக்குள் செத்ததாகக் கணக்கில் ஏறிவிடும். பெடாகுவிலின் என்ற காசநோய் மருந்தின் சோதனைகளில் அகாரில் கரித்தூள் கலப்பது இந்த மிச்சத்தை உறிஞ்சத்தான். அந்த ஏற்பாடு இல்லாத முடிவை நான் நம்ப மாட்டேன். அப்புறம், செல்கள் சில நாள்தான் தாங்கும். மாதக்கணக்கில் பதுங்கும் கிருமியை அதில் பார்க்க முடியாது.

அதற்குச் சுண்டெலிதான் வேண்டும். பால்ப்/சி வகையில் கிருமிகள் பெரும்பாலும் செல்லுக்குள் இருக்கும். கிராம்னிக் வகையில் மனித நுரையீரலைப் போலவே திசு அழுகிய புண்கள் உண்டாகும். அங்கே கிருமி செல்லுக்கு வெளியிலும் ஏராளம். அமிலம் குறைந்த அந்தப் புண்களில் பைரசினமைடு திணறும்.

எந்த வகையானாலும் நான் முதலில் தேடுவது, மருந்தை நிறுத்திய பிறகு நோய் திரும்பியதா என்ற கணக்கைத்தான். 1950களில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்ஷ் மெக்டெர்மட் குழு ஐசோனியசிட் என்ற இன்னொரு காசநோய் மருந்தையும் பைரசினமைடையும் சுண்டெலிகளுக்கு மூன்று மாதம் கொடுத்தது. அவற்றின் உறுப்புகளிலிருந்து கிருமி எதுவும் வளரவில்லை. மருந்தில்லாமல் மேலும் மூன்று மாதம் விட்டுப் பார்த்தபோது, ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் கிருமி மீண்டும் தலைதூக்கியது.

அதற்காகச் சுண்டெலியின் தீர்ப்பே முடிவாகிவிடாது. மாக்சிஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைச் சேர்த்தால் சிகிச்சைக் காலம் குறையும் என்று பால்ப்/சி சொன்னது. 2014இல் வெளியான ரீமாக்ஸ் மனித ஆய்வில் அந்த நான்கு மாத சிகிச்சை ஆறு மாதத்துக்கு ஈடாகவில்லை. ஒரே வகைச் சுண்டெலியை மட்டும் வைத்துச் சிகிச்சைக் காலத்தை யாராவது குறைக்கச் சொன்னால், கிராம்னிக்கில் என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.