ஜெர்மனியின் நியூரம்பெர்க் கிறிஸ்துமஸ் சந்தைக்கு ரூம் போட்டவர்கள் கவனம்: புக்கிங் ஆப்புக்குள்ளேயே வந்த மெசேஜில் 612 யூரோ போச்சு

நேற்று ராத்திரிதான் வீடு வந்து சேர்ந்தோம். கோபம் இன்னும் அடங்கவில்லை, ஆனாலும் இப்போதே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் சந்தை டிசம்பர் 24 வரை நடக்கும், இதைப் படிக்கிறவர்களில் யாராவது அடுத்த வாரமே அங்கே கிளம்புகிறவராக இருக்கலாம். எனக்குப் போனது 612 யூரோ. என்ன செய்யவேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

அம்மாவும் அப்பாவும் பாளையங்கோட்டையிலிருந்து விசிட் விசாவில் வந்திருக்கிறார்கள். நான் இருக்கும் ஃபிராங்க்ஃபர்ட்டிலும் ரோமர்பெர்க் சதுக்கத்தில் சந்தை போடுவார்கள்தான், ஆனால் அப்பாவுக்கு நியூரம்பெர்க் திறப்பு விழாவைப் பார்க்கவேண்டும் என்று ரொம்ப ஆசை. முதல் அட்வென்ட் ஞாயிறுக்கு (கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு ஞாயிறுகளில் முதலாவது) முந்தின வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்கு, ஹௌப்ட்மார்க்ட் சதுக்கத்தில் உள்ள ஃப்ரௌவன்கிர்ஹே தேவாலயத்தின் மாடத்தில், பொன்னிறச் சுருள்முடியும் கிரீடமுமாக ‘கிறிஸ்ட்கிண்ட்’ (பரிசு கொண்டுவரும் தேவதை) வேடத்தில் ஒரு பெண் வந்து நின்று செய்யுள் சொல்லிச் சந்தையைத் திறந்துவைப்பாள். அந்த ஊர் இளம்பெண்களில் ஒருத்தியை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இதற்காகத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1628லேயே இந்தச் சந்தை இருந்ததற்குச் சான்று இருக்கிறது. கீழே சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட துணிக் கூரைகளோடு வரிசையாக மரக்கடைகள். உள்ளே நுழைய ஒரு சென்ட்கூட வாங்குவதில்லை. காசெல்லாம் ரூமில்தான் போகும்.

அப்பாவுக்கு முழங்கால் வலி. அந்தக் கூட்டத்தில் ரொம்ப தூரம் நடத்திக் கூட்டிப்போக முடியாது என்பதால், பழைய நகரத்தின் மதிலுக்குள்ளே, சதுக்கத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன ஹோட்டலை, எல்லோரும் பயன்படுத்துகிற பெரிய புக்கிங் ஆப் ஒன்றில் பதிவு செய்தேன். இரண்டு ராத்திரிக்கு 612 யூரோ, ஹோட்டலில் போய்க் கட்டினால் போதும் என்று போட்டிருந்தது. லிஃப்ட் இருக்கிறதா என்று ஆப்பிலேயே கேட்டேன். இருக்கிறது என்று ஹோட்டலிலிருந்து மரியாதையாகப் பதில் வந்தது.

கிளம்புவதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை, அந்தப் பதிலுக்கு நேர் கீழே, அதே சாட்டில், அதே ஹோட்டல் பெயரில், இன்னொரு மெசேஜ். “உங்கள் பெற்றோருக்காக லிஃப்டுக்குப் பக்கத்திலேயே ரூம் ஒதுக்கியிருக்கிறோம். ஆனால் உங்கள் கார்டைச் சரிபார்க்க முடியவில்லை. சந்தைக் காலம் என்பதால் 12 மணி நேரத்துக்குள் இந்த லிங்க்கில் தொகையைக் கட்டி உறுதி செய்யுங்கள், இல்லாவிட்டால் புக்கிங் தானாக ரத்தாகிவிடும்.” அந்த லிஃப்ட் விஷயத்தைப் பாருங்கள்! நான் அப்பாவுக்காகக் கேட்ட கேள்வியைப் படித்துவிட்டு அதையே தூண்டிலில் கோத்திருக்கிறார்கள். எனக்கு நம்பிக்கை வந்ததே அந்த ஒரு வரியால்தான். லிங்க்கைத் திறந்தால் ஆப்பின் லோகோ, என் பெயர், தேதி, ரூம் படம், 612 யூரோ, எல்லாம் அச்சு அசலாக இருக்கிறது. கட்டினேன். ‘நன்றி, செக்-இன்னில் எதுவும் கட்டவேண்டாம்’ என்று பதிலும் வந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் பெட்டிகளோடு போய் நின்றால் ரிசப்ஷனில் இருந்த பெண், “நீங்கள் இன்னும் பணம் கட்டவில்லையே” என்கிறாள். ஃபோனை நீட்டினேன். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. “ஆமாம், ஆப்பில் எங்கள் கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள், போன வாரத்திலிருந்தே இப்படிச் சிலர் வருகிறார்கள்” என்று சாதாரணமாகச் சொல்கிறாள்.

போன வாரத்திலிருந்தே! நான் பணம் கட்டியது செவ்வாய்க்கிழமை. தெரிந்திருந்தும், ரூம் போட்டவர்களுக்கு ‘அந்த மெசேஜை நம்பாதீர்கள்’ என்று ஒரு வரி அனுப்ப இவர்களுக்கு மனம் வரவில்லை. கேட்டால், “அதெல்லாம் புக்கிங் ஆப்காரர்கள் செய்யவேண்டியது” என்று பதில். அந்த நேரத்தில் ஊரில் வேறு ரூமுக்கு எங்கே போவது? அம்மா சோபாவில் உட்கார்ந்து எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னொரு 612 யூரோவைக் கட்டினேன். “விடுல, வந்த காரியத்தப் பாப்போம்” என்றார் அப்பா.

திறப்பு விழாவைப் பார்த்தோம். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது, அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் மறுநாள் பகல் 12 மணிக்கு, அந்தத் தேவாலயத்தில் 1509ல் செய்த கடிகாரத்தில் ஏழு பிரபுக்களின் பொம்மைகள் வெளியே வந்து பேரரசர் நான்காம் கார்லின் பொம்மையைச் சுற்றி வரும்போது, அவர்கள் இருவரும் அண்ணாந்து பார்க்க, நான் ஒரு ஓரமாக ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு ஆப் நிறுவனத்தின் காத்திருப்பு இசையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் பேசியவர், “பணம் எங்கள் வழியாகக் கட்டப்படவில்லை, ஹோட்டலிடம் கேளுங்கள்” என்றார். மெசேஜ் உங்கள் ஆப்புக்குள்தானே வந்தது என்றேன். “உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், உங்கள் கருத்தை உரிய பிரிவுக்கு அனுப்புகிறேன்.” நான் கருத்தா சொன்னேன்? 612 யூரோவைக் காணோம் என்று சொன்னேன். சாயங்காலம் பார்த்தால் அந்த மோசடி மெசேஜையே சாட்டிலிருந்து அழித்துவிட்டார்கள். ரிசப்ஷனில் நிற்கும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்ததால் என்னிடம் ஆதாரம் இருக்கிறது, இல்லாவிட்டால் அதுவும் போயிருக்கும்.

வங்கியோ, “நீங்களே உங்கள் வங்கி ஆப்பில் ஒப்புதல் கொடுத்திருக்கிறீர்கள், அதனால் இது அனுமதியோடு நடந்த பரிவர்த்தனை” என்கிறது. போலீஸில் ஆன்லைனில் புகார் கொடுத்து எண் வாங்கியாயிற்று, அதோடு சரி.

சந்தையில் அம்மாவுக்கு மது இல்லாத சூடான பழரசம் வாங்கிக் கொடுத்தேன். பீங்கான் கோப்பைக்கு முன்பணம் வாங்குவார்கள். குடித்து முடித்துக் கோப்பையை நீட்டியதும், அந்தக் கூட்டத்திலும் கடைக்காரர் காசைச் சரியாக எண்ணி அம்மா கையில் வைத்தார். குளிரில் நாளெல்லாம் நிற்கிற அந்த மனிதருக்கு இருக்கிற நேர்மை, ஒவ்வொரு புக்கிங்கிலும் கமிஷன் எடுக்கிற அந்த நிறுவனத்துக்கு இல்லை.

சரி, விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்குத் தெம்பு இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பணம் கேட்டு எந்த மெசேஜ் வந்தாலும், அது ஆப்புக்குள்ளேயே வந்தாலும், ஹோட்டலின் சொந்த இணையதளத்தில் உள்ள நம்பருக்கு ஃபோன் செய்து கேட்காமல் கட்டாதீர்கள். ‘இத்தனை மணி நேரத்துக்குள்’ என்று அவசரப்படுத்தினால் அது மோசடியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். வந்த மெசேஜை உடனே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அவர்கள் அழித்துவிடுவார்கள். பணம் போய்விட்டால் ஜெர்மனியில் கார்டை முடக்க 116 116, இந்தியாவிலிருந்து பதிவு செய்தவர்கள் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு உடனே அழையுங்கள்.

நியூரம்பெர்க் மட்டும் என்று நினைக்காதீர்கள், டிரெஸ்டனோ ஸ்ட்ராஸ்பர்கோ, டிசம்பரில் எந்தப் பழைய நகரத்துக்கு ரூம் போட்டிருந்தாலும் இன்றைக்கே ஃபோன் போட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். வங்கிக்கு எழுத்துமூலம் ஆட்சேபணை அனுப்பவேண்டியது பாக்கி இருக்கிறது, 612 யூரோவை அப்படியே விடப்போவதில்லை. பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.