தரைக்கு அடியிலா, தரைக்கு மேலா? இரண்டு டொர்னாடோ அறைகளுடன் வாழ்ந்த அனுபவம்

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தின் மூர் நகரில் வீடு பார்க்கும்போது, எத்தனை படுக்கையறை என்று கேட்பதைப் போலவே ஷெல்டர் (டொர்னாடோ என்ற கடுமையான சுழற்காற்று வரும்போது புகுந்துகொள்ளும் பாதுகாப்பு அறை) இருக்கிறதா என்றும் கேட்பார்கள். 1999 மே 3, 2013 மே 20 ஆகிய இரண்டு நாட்களிலும் உச்ச வகை டொர்னாடோ இந்த ஊரின் நடுவே புகுந்து சென்றது. 2013இல் 24 பேர் இறந்தார்கள். அவர்களில் ஏழு பேர் ஒரே தொடக்கப்பள்ளிக் குழந்தைகள்.

எங்கள் முந்தைய வீட்டில் கராஜ் தரைக்கு அடியில் பதித்த இரும்புப் பெட்டி இருந்தது. இப்போதுள்ள வீட்டில் கராஜின் ஒரு மூலையில் இரும்பு அறை நிற்கிறது. இரண்டிலும் பல ஆண்டுகள் புகுந்து வெளிவந்த பிறகு, யாராவது கேட்டால் மேலே நிற்கும் அறையைத்தான் சொல்கிறேன். கேட்பவர்களில் பாதிப் பேர் நம்புவதில்லை. மண்ணுக்குள் போனால்தான் உயிர் தப்பும் என்பது இங்கே வேரூன்றிய எண்ணம்.

அதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1999 டொர்னாடோவில் நடமாடும் ரேடார் பதிவு செய்த காற்றின் வேகம் மணிக்கு சுமார் 300 மைல். இத்தகைய அறைகள் எவ்வளவு உறுதியாக இருக்க வேண்டும் என்று சொல்லும் ஐசிசி 500 என்ற அமெரிக்கத் தரமோ 250 மைலுக்கு வகுக்கப்பட்டது. ஆனால் ரேடார் அளந்தது தரைமட்டக் காற்றை அல்ல, அதற்கு மேலே வீசியதை. மேலும், வீட்டில் இருப்பவர்களைக் கொல்வது பெரும்பாலும் காற்று எறியும் பொருள்கள்தான். 15 பவுண்டு எடையுள்ள மரச்சட்டத்தை மணிக்கு 100 மைல் வேகத்தில் சுவரின் மீதும் கதவின் மீதும் எய்து பார்த்த பிறகே ஓர் அறை தேர்ச்சி பெறுகிறது. லபக் நகரில் உள்ள டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே பீரங்கி போன்ற ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். அந்தச் சோதனையில் தேறி, முறையாகப் பொருத்தப்பட்ட அறை என்றால் எனக்குப் பயமில்லை.

எனக்குப் பயம் தந்தது படிக்கட்டு. கராஜ் பெட்டியின் மூடியைத் தள்ளினால் ஏணியைப் போலச் செங்குத்தாக இறங்கும் குறுகலான இரும்புப் படிகள். என் மாமியாருக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். முதல் தடவை சைரன் ஒலித்தபோது என் கணவர் கீழே நின்று அவர் பாதத்தை ஒவ்வொரு படியாகப் பிடித்து வைத்தார்; நான் மேலிருந்து தோளைத் தாங்கிக்கொண்டேன். மாமியார் பாதியில் நின்றுவிட்டு, "குழந்தைகளை அழைத்துக்கொண்டு நீங்கள் இறங்குங்கள். நான் குளியலறையில் உட்கார்ந்துகொள்கிறேன்" என்றார். 2013இல் மூரை அழித்த டொர்னாடோ தரை தொடுவதற்கு 16 நிமிடங்களுக்கு முன்புதான் எச்சரிக்கை வந்தது. நள்ளிரவில் எழுப்பி, செருப்பு மாட்டி, கராஜுக்கு நடத்திக் கூட்டிவந்து, ஏணியில் இறக்க அந்த நேரம் போதுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டில் மிக மெதுவாக நடக்கும் ஒருவர் எவ்வளவு நேரத்தில் உள்ளே வர முடியும் என்பதுதான் ஒரு ஷெல்டரின் உண்மையான தரம்.

அடுத்தது தண்ணீர். இந்தப் பகுதியின் செம்மண் களி, மழையில் உப்பிக் கோடையில் வெடிக்கும். கனமழைக்குப் பிறகு பெட்டியின் மூலையில் ஈரம் கோத்திருக்கும். மூடியைத் திறந்தால் புழுக்கமும் சிலந்தியும்தான் வரவேற்கும். அதைச் சமாளித்துவிடலாம். ஆனால் டொர்னாடோவும் பெருவெள்ளமும் ஒரே மாலையில் வருவது இங்கே நடக்கிற காரியம். 2015 மே மாதம் ஓக்லஹோமா சிட்டியில் ஒரு பெண் தன் நிலத்தடி ஷெல்டருக்குள்ளேயே வெள்ளம் புகுந்து இறந்தார். அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் என் கண் முதலில் தரையைத்தான் பார்த்தது.

இப்போதைய அறைக்குள் மாமியார் தன் வாக்கருடன் நேராக நடந்து போய் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். ஒரு படிகூட இல்லை. குறைகளும் உண்டு. கராஜில் நல்ல இடத்தை அடைத்துக்கொள்கிறது, பெரிய காரை நிறுத்த முடியவில்லை. ஆலங்கட்டி விழும்போது உள்ளே கேட்கும் இரைச்சலில் சின்னவள் காதைப் பொத்திக்கொண்டு அழுவாள். அடியில் இருந்த பெட்டியில் அந்தச் சத்தம் பாதிதான் வரும், அந்த வகையில் அது நிம்மதி. வெள்ளம் வராத மேட்டு நிலமும் நன்றாக ஓடியாடும் குடும்பமும் இருந்தால் நிலத்தடி அறையைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

மேலே நிற்கும் அறையை வாங்குகிறவர்கள் இரும்பின் கனத்தை மட்டும் பார்க்கிறார்கள். அறையைப் பிடித்து வைத்திருப்பது கான்கிரீட் தளமும் அதில் இறங்கும் ஆங்கர் போல்ட்டுகளும்தான். தளத்தின் கனம் போதுமா என்று பார்க்காமல் பொருத்த வருகிறவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். சில வீடுகளில் தளத்துக்குள் முறுக்கி இழுத்த எஃகு வடங்கள் ஓடும். அவை எங்கே இருக்கின்றன என்று கண்டறியாமல் துளையிட விடக்கூடாது. கதவு சுவரோடு சேர்ந்து சோதனையில் தேறியதா என்று கேட்டு, சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இடிபாடுகள் கதவை அடைத்துக்கொண்டால் தள்ளித் திறக்க நாங்கள் உள்ளே ஒரு கார் ஜாக்கி வைத்திருக்கிறோம்.

எந்த வகையை வாங்கினாலும் பணம் கொடுத்த அதே வாரத்தில் நகர நிர்வாகத்திடம் அறை இருக்கும் இடத்தைப் பதிவு செய்துவிடுங்கள். தெருவே அடையாளம் தெரியாமல் போன பிறகு மீட்புக் குழுவினர் எங்கே தோண்ட வேண்டும் என்று அந்தப் பதிவைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.