பென்டாக்ஸ் கே1000: ரிப்பேர் செய்து ஆறு வருடம் ஆன பிறகு

சித்தப்பா 1989இல் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த பென்டாக்ஸ் கே1000 ஃபிலிம் கேமரா, என் கைக்கு வருவதற்கு முன் பத்துப் பதினைந்து வருடம் பீரோவுக்குள் தோல் உறையோடு கிடந்தது. அந்த உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது. லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. பின்மூடியைத் திறந்தேன், வெளிச்சம் புகாமல் இருக்க ஓரத்தில் ஒட்டியிருந்த ஃபோம் உருகித் தார் மாதிரி விரலில் ஒட்டிக்கொண்டது. வெளிச்சத்தை அளந்து காட்டும் மீட்டர் முள்ளும் அசையவில்லை.

"ரிப்பேருக்குக் கொடுக்கிற காசுக்கு இன்னொன்னு செகண்ட் ஹேண்ட்ல வாங்கிடலாமே" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கணக்கு சரி மாதிரித்தான் தெரியும். ஆனால் இந்த மாடல் 1976இல் வந்து 1997இல் நின்றுபோனது. எதை வாங்கினாலும் அதற்குள்ளும் அதே ஃபோம், அதே காய்ந்த எண்ணெய்தான். அதையும் ஒருமுறை மெக்கானிக்கிடம் கொடுக்கத்தான் வேண்டும். அப்படியிருக்க, நம் வீட்டுக் கேமராவுக்கே செலவு செய்யலாம் என்று முடிவெடுத்தேன்.

கொடுப்பதற்கு முன் ஃபோமைச் சுரண்டி எடுத்துவிட்டு, மூடி ஓரங்களில் கறுப்பு டேப் ஒட்டி, ஒரு ரோல் போட்டுப் பார்த்தது நல்லதாகப் போயிற்று. இதில் பேட்டரி மீட்டருக்கு மட்டும்தான், ஷட்டர் முழுக்க மெக்கானிக்கல். ஷட்டர் வேகம் 1/125 நொடி வரை படங்கள் நன்றாக வந்தன. 1/1000இல் எடுத்தவற்றில் ஒரு பக்கம் மட்டும் இருட்டு. இரண்டு துணித்திரைகள் பக்கவாட்டில் ஓடும் ஷட்டர் இது; முதல் திரை திறக்கும், இரண்டாவது பின்னாலேயே வந்து மூடும். முதல் திரை சோம்பிப்போனால் இரண்டாவது திரை அதை எட்டிப் பிடித்துவிடும், படத்தின் ஒரு பக்கத்துக்கு வெளிச்சமே சேராது. அந்த நெகட்டிவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் மெக்கானிக்குக்கும் உடனே புரியும்.

முதலில் கொடுத்த கடையில் எண்ணெய் விட்டுக் கொடுத்தார்கள், இரண்டே மாதத்தில் ஷட்டர் முன்னைவிட மோசமாக மாட்டிக்கொண்டது. அப்புறம் மதுரையில் ஒரு வயதான மெக்கானிக், பழைய எண்ணெயை எல்லாம் கழுவி எடுத்து, திரைகளின் இழுவிசையைச் சரிசெய்து, புது ஃபோம் ஒட்டி, பேட்டரி முனையில் இருந்த பச்சைக் களிம்பைத் துடைத்துத் தந்தார். மூன்று வாரம், 4,800 ரூபாய். லென்ஸையும் பிரித்துத் துடைத்தவர், கண்ணாடியைச் சாய்த்துக் காட்டினார்: பூஞ்சை போய்விட்டது, அது தின்ற தடம் மட்டும் கண்ணாடி மேலிருக்கும் மெல்லிய பூச்சில் கோடு கோடாக இருந்தது. "தம்பி, இதுக்கு மேல தேய்ச்சா பூச்சும் சேர்ந்து போயிரும்." வெயிலுக்கு எதிரே எடுத்தால்தான் அந்தத் தடம் தெரியும், படம் வெளுத்துப்போகும். அதற்கு வேறொரு 50 மி.மீ. லென்ஸ் வாங்கிக்கொண்டேன். இந்தக் கேமராவின் மவுண்டில் (லென்ஸ் மாட்டும் வளையம்) பொருந்துகிற 50 மி.மீ. எளிதாகக் கிடைக்கும், அதனால் லென்ஸுக்கு அதிகம் செலவழிக்காதீர்கள் என்பேன்.

ஆறு வருடத்தில் நாற்பது ரோல் ஓட்டியிருக்கிறேன். ஃபோம் இன்னும் மெத்தென்று இருக்கிறது, ஷட்டர் ஒருமுறைகூட மாட்டவில்லை. மீட்டருக்குத் தனி சுவிட்ச் கிடையாது, வெளிச்சம் பட்டாலே ஓடும்; லென்ஸ் மூடியைப் போட மறந்தால் பேட்டரி காலி. போன வருடம் முள் மறுபடி துள்ள ஆரம்பித்தது; அதைச் சரிசெய்யக் கொடுக்கவில்லை, போனில் ஒரு மீட்டர் ஆப் போதுமானதாக இருக்கிறது.

சித்தப்பாவின் ஆட்டோ ஜூம் கேமரா ஒன்றும் என்னிடம் இருந்தது. எல்லாம் எலக்ட்ரானிக்ஸ், உள்ளே ஃபிளெக்ஸ் கேபிள் (வளையும் பட்டை ஒயர்) போய்விட்டது, உதிரி பாகமும் இல்லை. அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கவில்லை.

மதுரை மெக்கானிக் கண் சரியாகத் தெரியவில்லை என்று வேலையை நிறுத்திவிட்டார். திரைகளின் இழுவிசையை மறுபடி சரிபார்க்க ஆள் இல்லை, அதனால் இப்போது 1/500ஐத் தாண்டுவதில்லை. கேமரா தோல் உறையில் இல்லை, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு இருக்கிறது. ஜெல் நீலம் போய் ரோஸ் நிறமானால் வறுத்துத் திரும்பப் போடுகிறேன்.