கருத்து முதலா, ஆட்டம் முதலா? இரண்டாவது மேடையேற்றத்தில் தெரியும் கணக்கு

கொழும்பில் தமிழ் நாடகம் போடும் குழு எதுவானாலும் முதல் கூட்டத்திலேயே இந்தக் கேள்வி எழுந்துவிடும். "நாடகம் சனத்துக்கு என்ன சொல்லுது?" என்பார் ஒருவர். "ஏன், கட்டாயம் சொல்லோணுமோ?" என்பார் மற்றவர். ஒழுக்கமோ அரசியலோ ஏதாவதொரு நோக்கம் கலைக்கு இருந்தே ஆகவேண்டுமா என்ற பெரிய வழக்குத்தான் இது. வெள்ளவத்தைத் தொடர்மாடியின் முன்னறைக்குள் சுருங்கி வந்திருக்கிறது, அவ்வளவே.

தெரிவுகள் இரண்டு. சொல்லவேண்டிய கருத்தை முதலில் முடிவுசெய்து, அதைத் தாங்கும்படி எழுத்துருவைக் கட்டுவது ஒன்று. ஓர் ஆளை, ஒரு சம்பவத்தை, ஓர் ஆட்ட வடிவத்தைப் பிடித்துக்கொண்டு தொடங்கி, கருத்து தானாக வந்தால் வரட்டும் என்று விடுவது மற்றது. இதை எழுதும் நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தவர்கள். அந்தச் சாய்வைத் தெரிந்துகொண்டே வாசியுங்கள்.

பழைய வாதங்களைத் தாண்டிப் போகலாம். 1954 இல் தொடங்கிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம், சமூகப் பயனை அளவுகோலாக வைத்த விமர்சகர்கள் கைலாசபதி, சிவத்தம்பி, பிரிந்துபோய் 'நற்போக்கு' என்று கொடி தூக்கிய எஸ். பொன்னுத்துரை எல்லாம் பாடப்புத்தகம்வரை வந்தாயிற்று. ஒன்றை மட்டும் திருத்திவிட்டுப் போகிறோம். முற்போக்கை எதிர்த்தார் என்பதற்காக எழுத்தாளர் மு. தளையசிங்கத்தை 'கலை கலைக்காகவே' என்ற அணியில் சேர்க்கிறவர்கள் இன்றும் உண்டு. அவர் கேட்டது நோக்கமில்லாத கலையை அல்ல. முற்போக்காளர் கேட்டதைவிடப் பெரிய நோக்கத்தை, மனிதனை முழுதாக மாற்றுவதைக் கேட்டார்.

கருத்து முதல் என்ற தெரிவின் பலம் வேகமும் காசும். டெங்கு, வெளிநாட்டு வேலை முகவர் மோசடி, வீட்டு வன்முறை என்று தலைப்பு கையில் இருந்தால் 3 வாரத்தில் 20 நிமிட நாடகம் தயாராகும். 5 பேர், ஒரு பெட்டி உடுப்பு, ஒரு மத்தளம் அல்லது டோல்கி எல்லாம் இரண்டு ஓட்டோவில் அடங்கிவிடும். ஒளியமைப்பு வேண்டாம், கோயில் மண்டபமோ பாடசாலை முற்றமோ போதும். அனுசரணையாளருக்குத் தேவையான வரவு இடாப்பும் படங்களும் அதே நாளில் கிடைத்துவிடும். இதையெல்லாம் ஏளனமாகச் சொல்லவில்லை. கொழும்பில் தமிழ் நாடகத்துக்கு ரிக்கற் விற்று மண்டப வாடகையை மீட்பது எவ்வளவு கடினம் என்று விற்றுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இந்த வகைக்குள் நன்றாகச் செய்யத்தக்கது, பிரேசில்காரரான அகஸ்தோ போவால் வகுத்த விவாத அரங்கு. 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு சிக்கலை நடித்துக்காட்டி, பாதிக்கப்பட்டவர் தோற்கும் இடத்தில் முடிக்கவேண்டும். பிறகு அதையே முதலிலிருந்து ஆடும்போது பார்வையாளர் எவரும் "நிறுத்து" என்று சொல்லி மேடையேறி, தோற்றவருக்குப் பதிலாக நடித்துப் பார்க்கலாம். பிழைப்பது பெரும்பாலும் மூன்று இடங்களில். இடையில் நின்று நடத்துபவர் ஆசிரியராக மாறி விடையைச் சொல்லிக்கொடுத்துவிடுவார். மேடையேறுகிறவர் தோற்றவரை விட்டுவிட்டு ஒடுக்குபவரின் இடத்துக்குப் போய் அவரை நல்லவராக்கிவிடுவார், அத்துடன் சிக்கலே இல்லாமல் போய்விடும். அல்லது "பொலிசுக்குப் போவம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். அப்போது நடத்துபவர் "சரி, போங்கோ" என்று சொல்லி, பொலிஸ்காரராக ஒரு நடிகரை உடனே எழுப்பிவிட வேண்டும். வாசலில் என்ன நடக்கும் என்பதை அந்த ஆளே நடித்துக் காணட்டும். கருத்தை முன்னரே முடிவு செய்துவிட்ட குழுக்களுக்கு இந்த இடம் பொறுக்காது. கூட்டத்திலிருந்து வரும் விடை அவர்களின் துண்டுப்பிரசுரத்தோடு ஒத்துவராது.

எங்களைத் தீர்மானிக்க வைத்தது இரண்டாவது மேடையேற்றம். முதல்நாள் கைதட்டலை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை, உறவினர்கள் வந்து தட்டிவிட்டுப் போவார்கள். அதே எழுத்துருவை 4 வருடம் கழித்து, வேறு நடிகர்களோடு, அந்த நாட்களை அனுபவிக்காத பார்வையாளருக்கு முன்னால் ஆடுவதற்கு எவ்வளவு வேலை செய்யவேண்டியிருக்கிறது? நாடகம் ஒன்றின் பராமரிப்புச் செலவு இதுதான். பழைய காரை விற்கப் போகும்போதுதானே அது என்ன கார் என்று தெரிகிறது!

2022 பொருளாதார நெருக்கடியின் எரிவாயு வரிசையை எடுத்துக்கொள்வோம். கருத்து முதல் என்று எழுதினால், வரிசையில் நிற்கும் ஒருவர் சபையைப் பார்த்து, "12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபா! நாட்டை இப்பிடி ஆக்கினது ஆர்?" என்று கேட்பார். அந்த ஏப்ரலில் சபை முழுக்கப் பதறியிருக்கும். இன்று 10 வயதுப் பிள்ளைக்கு அந்தத் தொகை வெறும் தொகை. அதை ஆடவேண்டுமானால் அந்த வருடத்தின் விலைகளை, பெயர்களை, கோஷங்களை ஒவ்வொன்றாக விளக்கவேண்டும். விளக்கத் தொடங்கினால் நாடகம் வகுப்பறையாகிவிடும்.

மற்றத் தெரிவில் அதே வரிசை இப்படி வரலாம். வெறும் சிலிண்டர்கள் தெருவோரம் வரிசையாக, ஒரே சங்கிலியில். இரவு 11 மணி. ஒரு கிழவி பக்கத்துச் சிலிண்டர்க்காரரிடம், "தம்பி, ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ, அவருக்கு மருந்து குடுத்திட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். தம்பி சங்கிலியைப் பார்க்கிறான். முன்னால் ஓரிடம் காலியாகிறது. தன் சிலிண்டரைக் காலால் மெல்ல உருட்டுகிறான். தார் வீதியில் இரும்பு உருளும் சத்தம் கேட்டு நின்றுவிடுகிறான். கிழவியின் சிலிண்டரையும் சேர்த்து உருட்டுவதா, தன்னுடையதை மட்டுமா? ஆட்சியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் பொருள் இல்லாத நாட்டில் அயலவர் என்ன ஆகிறார் என்பது அந்த உருளலில் வந்துவிடுகிறது. அரசியல் இதற்குள் இல்லை என்று யாராவது சொல்வார்களா? விலை மாறினாலும் ஆட்சி மாறினாலும் இந்தக் காட்சியில் ஒரு வரியைத் தொடத் தேவையில்லை. செலவு ஒரு சங்கிலியும் 4 வெறும் சிலிண்டரும். வெறும் சிலிண்டர்தானா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள், எரிவாயு மிச்சமிருப்பதை மேடைக்கு ஏற்றக்கூடாது.

பெரிய எடுத்துக்காட்டு சிங்கள அரங்கில் இருக்கிறது. எதிரிவீர சரச்சந்திராவின் 'மனமே' 1956 நவம்பரில் லயனல் வென்ட் அரங்கில் மேடையேறியது. மூலமான புத்த ஜாதகக் கதையில், கள்வனோடு பொருதும் கணவன் வாளைக் கேட்க, இளவரசி அதன் பிடியைக் கள்வன் பக்கம் கொடுத்துவிடுகிறாள், கணவன் கொல்லப்படுகிறான். பெண்ணை நம்பாதே என்பது கதையின் நீதி. சரச்சந்திரா அந்தக் கணத்தைத்தான் மாற்றினார். அவருடைய இளவரசி, தனியாக நின்று போரிட்ட வேடர் தலைவனுக்கு உயிர்ப்பிச்சை கேட்கிறாள். இளவரசன் திகைக்கும் கணத்தில் வாள் கைமாறிவிடுகிறது. பிழை அவளுடையதா, அவனுடையதா, விதியா என்று தீர்ப்பு வழங்காமல் நாடகம் நகர்கிறது. நீதியைக் கழற்றிய இடத்தில் கேள்வி வந்து உட்கார்ந்தது. 'மனமே' இன்றும் ஆடப்படுவதற்கு இசையும் 'நாடகம' என்ற சிங்களக் கூத்து வடிவத்தின் ஆட்டமும் காரணம்தான், ஆனால் பழைய நீதியோடு வந்திருந்தால் இன்றைய சபை அதை எப்படி ஏற்றிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த அலையின் உந்துதலில்தான் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் விடியவிடிய ஆடும் கூத்தைச் சுருக்கி, ஒருபக்கமிருந்து மட்டும் பார்க்கும் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை எல்லாம் 1960களில் வந்தவை. எதுவும் கட்சிக் கொள்கை சொல்லவில்லை. இராவணேசனில் ஆடிய சி. மௌனகுரு பின்னாளில் அதைத் திரும்ப எழுதி, புதிய தலைமுறையோடு மட்டக்களப்பில் ஆடினார்.

எங்கள் வாதத்துக்கு இடறும் கல்லும் மௌனகுருவிடமே இருக்கிறது. 1969 இல் அவர் செய்த 'சங்காரம்' வெளிப்படையான கொள்கை நாடகம். சாதி முதலிய ஒடுக்குமுறைகளை அரக்கர்களாக்கி, அவர்களைச் சங்கரிக்கும் கதை. அதுவும் 1980 இல் யாழ்ப்பாணத்தில் மறுபடி மேடையேறியது. கருத்து முதல் என்றால் ஒரு தடவைதான் ஆடலாம் என்று நாங்கள் சொன்னால் சங்காரம் எழுந்து நின்று மறுக்கும். எங்கள் பதில் இவ்வளவே: வடமோடி என்ற கூத்து வகையில் அரக்கன் வரவு, அதாவது அவன் ஆடிக்கொண்டு மேடைக்கு வருவது, நூற்றாண்டுகளாகப் பழகிய ஆட்டம். தாளக்கட்டும் சுழற்சியும் கருத்தைத் தெரியாதவரையும் உட்கார வைத்துவிடும். கொள்கையை எடுத்துவிட்டாலும் அங்கே பார்க்க ஏதோ இருக்கிறது. இந்தப் பதில் முழுக்கத் திருப்தியானது என்று சாதிக்க மாட்டோம். சாதி ஒழிந்துவிடவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இதிலிருந்து கிடைக்கும் சோதனை ஒன்று எந்தக் குழுவுக்கும் உதவும். எழுத்துருவை எடுத்து, கருத்தை நேரடியாகச் சொல்லும் வரிகளைப் பென்சிலால் அடைப்புக்குறிக்குள் போடுங்கள். விலை, திகதி, பதவியில் இருப்பவரின் பெயர் வரும் வரிகளை வேறு நிறத்தில் அடைத்துவிடுங்கள். அடைத்தவற்றை விட்டுவிட்டு ஓர் ஒத்திகை பாருங்கள். கதை விளங்குகிறது, நடிகருக்குச் செய்ய வேலை இருக்கிறது என்றால் நாடகம் இருக்கிறது. நடிகர்கள் சும்மா நிற்கும் இடங்கள் தெரிந்தால், அங்கே இருந்தது பேச்சு மட்டுமே. பெரும்பாலும் கடைசி 5 நிமிடம் முழுவதும் பென்சிலுக்குள் போய்விடும்.

ஆட்டம் முதல் என்பதற்கும் விலை உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். வடமோடியின் தாளக்கட்டுகளை வார இறுதிகளில் மட்டும் பழகினால் புதியவர் ஒருவருக்கு மாதக்கணக்கில் ஆகும். கருத்து நாடகத்தில் ஒருவர் கனடாவுக்கோ கட்டாருக்கோ போய்விட்டால் அடுத்தவர் ஒரு வாரத்தில் வசனம் பாடமாக்கிவிடுவார். கூத்தில் ஒரு கால் போனால் முழு வரவும் நொண்டும். தொடர்மாடியில் மத்தளம் அடித்தால் கீழ்வீட்டார் ஏறிவருவார்கள், ஒத்திகைக்கு மண்டபம் எடுக்கவேண்டும். சுற்றிவரச் சனம் இருந்து பார்க்கும் வட்டக்களரிக்கென்று உருவான ஆட்டத்தை ஒருபக்கம் மட்டும் பார்க்கும் மேடையில் ஆடினால் பாதி நேரம் முதுகுதான் தெரியும். சுழற்சி முடியும் இடத்தை ஒவ்வொரு வரவிலும் சபைக்கு நேராகக் குறித்துவைக்க வேண்டும். அகலமாக விரிந்து நிற்கும் கரப்புடுப்பு ஒப்பனை அறைக் கதவுக்குள் நுழையுமா என்று முதல்நாளே அளந்து பாருங்கள். தாளக்கட்டை, அதற்கு வாயால் சொல்லும் சொற்கட்டோடு எழுதி, முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் கைபேசியில் பதிந்துவைத்தால் அடுத்த முறைக்கான செலவு பாதியாகும்.

தணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. 1912 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த முறைப்படி, பொதுமக்களுக்குக் காட்டும் மேடை நாடகத்தின் எழுத்துருவை முன்கூட்டியே தணிக்கைச் சபைக்குக் கொடுக்கவேண்டும். நேரடிக் கோஷத்தில் கோடு போடுவது எளிது, உருளும் சிலிண்டரில் எங்கே கோடு போடுவது?

ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் இதே கணக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. எங்கள் கை பழகியது மேடையில். இருந்தாலும் ஓவியர் சந்திரகுப்த தேனுவரவின் 'பரலிசம்' (பீப்பாயைக் குறிக்கும் 'பரல்' என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பெயர்) யோசிக்க வைக்கிறது. கொழும்பின் சோதனைச் சாவடிகளில் உருமறைப்பு நிறம் பூசி நின்ற பீப்பாய்களை 1997 இல் அவர் கலைக்கூடத்துக்குள் கொண்டுவந்தார். அன்றிலிருந்து கறுப்பு ஜூலையை நினைவுகூர்ந்து ஜூலை 23 இல் கண்காட்சி வைத்துவருகிறார். வீதிகளில் பீப்பாய்கள் இல்லாமற்போன பிறகு வளர்ந்த பிள்ளைக்கு அது வெறும் தகரம். அதைப் பேசவைக்க அவர் வருடாவருடம் புது வேலை செய்யவேண்டியிருக்கிறது. ஒருவர் அப்படி உழைக்கத் தயார் என்றால் கருத்து முதல் என்ற தெரிவும் நீடிக்கும். எங்களைப் போன்ற ஞாயிற்றுக்கிழமைக் குழுக்களுக்கு அந்தத் தெம்பு இல்லை.

அனுசரணைக் காசை மறுக்க முடியாத குழுக்கள் இருக்கின்றன, மறுக்கச் சொல்லவும் மாட்டோம். ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே இரண்டு விடயங்களைப் பேசி முடியுங்கள். கருத்து, நாடகம் முடிந்தபின் வரும் 20 நிமிடக் கலந்துரையாடலுக்கும் கையில் கொடுக்கும் தாளுக்கும் போகட்டும், எழுத்துருவுக்குள் வரவேண்டாம். செயற்றிட்டத்தின் பெயர் பொறித்த பதாகை வாசலில் தொங்கட்டும். பின்திரையில் கட்டினால் அந்த மினுங்கும் பிளாஸ்டிக்கில் முன்விளக்கின் ஒளி பட்டுத் தெறிக்கும், பின்வரிசையில் இருப்பவருக்குக் கிழவியின் முகமே தெரியாது.