எட்டு வாரத் தற்கனிவுப் பயிற்சி: அதட்டல் தமிழில், ஆறுதல் ஆங்கிலத்தில்

ஒன்பது ஆண்டுகள் இழுத்து, 46ஆம் வயதில் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வை முடித்து வெளியே வந்தபோது, வாழ்த்த வந்த சக ஆசிரியையிடம் நான் சொன்ன முதல் வார்த்தை, "ஒன்பது வருஷம் ஆயிடுச்சே மேடம்" என்பதாகும். அவர் முகம் வாடியது. எனக்கு வந்த பாராட்டைத் திருப்பி அனுப்புவது நெடுநாள் பழக்கம் என்றாலும், அதைக் கொண்டுவருபவருக்கு அது எப்படி இருக்கும் என்று அன்றுதான் கவனித்தேன். அந்த மாதமே இணையவழியில் நடைபெற்ற எட்டு வாரப் பயிற்சி ஒன்றில் பணம் கட்டிச் சேர்ந்தேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால், நடத்திய நிலையத்தின் பெயரை இங்கே தவிர்க்கிறேன்.

பாடத்திட்டம் அந்த நிலையத்தின் சொந்தச் சரக்கு அன்று. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டின் நெஃப் என்பவரும், மருத்துவ உளவியலாளர் கிறிஸ்டோபர் ஜெர்மர் என்பவரும் 2010இல் உருவாக்கிய 'மைண்ட்ஃபுல் செல்ஃப் கம்பேஷன்' என்னும் திட்டம் அது. அதில் வரும் 'செல்ஃப் கம்பேஷன்' என்பதைத் 'தன்னிரக்கம்' என்று மொழிபெயர்த்தால் காரியம் கெட்டுவிடும். தமிழில் தன்னிரக்கம் என்றாலே மூலையில் உட்கார்ந்து நம்மை நினைத்து நாமே அழுவது என்றுதான் பொருள்படும். அதனால் 'தற்கனிவு' என்ற சொல்லையே இங்கு பயன்படுத்துகிறேன். தன்னிடம் அன்பாக இருத்தல், துன்பமும் தோல்வியும் மனிதர் எல்லாருக்கும் பொது என்று உணர்தல், மனத்தில் எழுவதை ஊதிப் பெருக்காமலும் அமுக்காமலும் கவனித்தல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே தற்கனிவு என்பது நெஃப்பின் வரையறை. அவர் 2003இல் வெளியிட்ட 26 வாக்கியங்கள் கொண்ட அளவுகோலை முதல் நாளே நிரப்பச் சொன்னார்கள். என் மதிப்பெண்ணை நான் வெளியில் சொல்வதாக இல்லை.

சனிக்கிழமை மாலைகளில் இரண்டரை மணி நேரம், இடையில் அரை நாள் மௌன அமர்வு, கட்டணம் 14,500 ரூபாய், குழுவில் 18 பேர். முதல் வாரப் பயிற்சி எளிமையானது. துன்பத்தில் இருக்கும் தோழியிடம் நாம் என்ன சொல்வோம், எந்தக் குரலில் சொல்வோம் என்று எழுதிவிட்டு, அதே நிலையில் நம்மிடம் நாம் பேசுவதைப் பக்கத்திலேயே எழுத வேண்டும். என் தாளின் வலப்பக்கத்தில் இருந்ததை வீட்டு வேலைக்கு வருபவரிடம் சொல்லியிருந்தால், அவர் மறுநாள் வந்திருக்க மாட்டார். நெஞ்சின் மேல் கைவைத்துத் தன்னைத் தேற்றிக்கொள்ளும் பயிற்சியோ, கூடத்தில் கணினியை வைத்திருப்பவர்களுக்குச் சற்றுச் சங்கடமானது, என் மாமியார் பதறிப்போய், "என்னம்மா, நெஞ்சு வலிக்குதா?" என்று சுக்குக் கஷாயத்தோடு வந்து நின்றார்.

இரண்டாம் மூன்றாம் வாரங்கள் பெரும்பாலும் மூச்சைக் கவனிப்பதிலும் நல்லெண்ணம் பரப்பும் தியானத்திலும் கழிந்தன. யோகா வகுப்புக்குப் போனவர்களுக்கு அவற்றில் புதுமை அதிகமில்லை. நான்காம் வாரம்தான் இந்தப் பயிற்சியின் உயிர். நம்மை நாம் ஓயாமல் குறைகூறும் ஒரு பழக்கத்தை எடுத்துக்கொண்டு, உள்ளிருந்து வரும் அந்த அதட்டலைச் சொல்லுக்குச் சொல் எழுத வேண்டும். பிறகு, அந்தக் குரல் நம்மை எந்த ஆபத்திலிருந்து காக்க முயல்கிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். எழுத உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன், என்னை அதட்டுபவர் சுத்தமான தஞ்சாவூர்த் தமிழில் பேசுகிறார்: "இதுகூடத் தெரியலையா? நாலு பேர் என்ன நினைப்பா?" அது என் பெரியப்பாவின் குரல். தந்தையில்லாத பெண் நாலு பேர் வாயில் விழுந்துவிடக் கூடாதே என்று அவர் பட்ட கவலையும் அதற்குள் இருந்தது. ஆனால் அந்தக் குரலுக்கு மறுமொழியாகப் பயிற்றுநர் கற்றுத்தந்த கனிவான வாக்கியங்கள் அனைத்தும் ஆங்கிலத்தில் இருந்தன. பெரியப்பாவுக்கு ஆங்கிலத்தில் ஆறுதல் சொல்லி என்ன பயன்? இரண்டு வாரம் தடுமாறி, கடைசியில் என் பாட்டி சொல்லும் "போறது போ, பாத்துக்கலாம்" என்பதை எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகே பயிற்சி வேலை செய்யத் தொடங்கியது. குழுவில் பாதிக்கு மேல் தமிழர்கள் இருந்தும், வாக்கியங்களை அவரவர் தாய்மொழியில் அமைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு முறைகூடச் சொல்லாதது இந்த நிலையத்தின் பெருங்குறை.

இன்னொரு குறை, பாராட்டை ஏற்கவும் நம் நற்பண்புகளை மதிக்கவும் கற்றுத்தரும் பகுதி எட்டாம் வாரத்தில், விடைபெறும் நேரத்தில் வருவது. இது மூலத் திட்டத்தின் வரிசையே என்றாலும், கண் பட்டுவிடும் என்று மகிழ்ச்சியை மறைத்தே வளர்ந்த நமக்கு அது மூன்று வாரத்துக்கான பாடம். நம்மிடம் உள்ள நல்லதைப் பட்டியலிட்டு, அது வளரக் காரணமானவர்களை நினைத்துப் பார்க்கச் சொல்லும் பயிற்சி மிகவும் நுட்பமானது. தற்பெருமையாகிவிடுமோ என்னும் கூச்சத்தை அது நன்றியாக மாற்றிவிடுகிறது. 'விடாமுயற்சி' என்று எழுதி, அதற்கு எதிரே எட்டாம் வகுப்புக் கணக்கு டீச்சரை எழுதியபோது, ஒன்பது ஆண்டுகள் என்பதை முதன்முறையாகத் தாமதம் என்று எண்ணாமல் இருந்தேன். அதற்குள் மணி அடித்துச் சான்றிதழ் வழங்கத் தொடங்கிவிட்டார்கள்.

தவறவிட்ட வகுப்புக்கு ஒலிப்பதிவு தர மாட்டார்கள். மற்றவர்களின் அந்தரங்கத்தைக் காக்க அது நியாயமே, ஆனால் அதைப் பணம் வாங்கும் முன் சொல்லியிருக்க வேண்டும். கனிவு உள்ளே நுழையும்போது பழைய வலி திடீரென்று பொங்கி எழுவதுண்டு. மூடிய அறையில் புகைந்துகொண்டிருக்கும் நெருப்பு, கதவைத் திறந்ததும் காற்றுப் பட்டுக் குபீரென்று எழுவதற்குத் தீயணைப்புத் துறையினர் சொல்லும் 'பேக்டிராஃப்ட்' என்ற பெயரையே இதற்கும் வைத்திருக்கிறார்கள். இதைப் பயிற்றுநர் பொறுமையாக விளக்கி, அழுத ஒருவரை இணையவழித் தனி அறைக்கு அழைத்துப் பேசியதற்கு முழு மதிப்பெண் தரலாம். எனினும் இது சிகிச்சைக்கு மாற்று ஆகாது. கடும் மனச்சோர்வில் இருப்பவர்கள் முதலில் மருத்துவரைப் பார்ப்பதோ, அரசின் டெலி மானஸ் உதவி எண்ணான 14416ஐ அழைப்பதோ நல்லது.

நெஃப்பின் இணையதளத்தில் அந்த அளவுகோலும் சில வழிகாட்டும் ஒலிப்பதிவுகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. தனியாகப் பழகும் ஒழுங்கு உள்ளவர்கள் அங்கே தொடங்கிப் பார்க்கலாம். எனக்கு 17 பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்ததால் கொடுத்த பணம் வீண் போகவில்லை. இதையே தமிழில் நடத்தினால் இன்னொரு முறை கட்டணம் செலுத்திச் சேருவேன். அதுவரை என் மதிப்பீடு ஐந்துக்கு மூன்றரை. முதலில் மூன்று என்றுதான் எழுதியிருந்தேன். பெரியப்பாவிடம் கொஞ்சம் பேசிவிட்டு அரை கூட்டினேன்.